வெறும் தட்டில் முளைத்த என் மூக்கு

என்னைப்போல ஒரு விசரன் இந்தத் துறைமுகப் பக்கத்திலேயே இல்லை என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கிருமிகளைப் பற்றி நாலு வருசம் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கிய நான், என் சொந்த மூக்குக்குள் குடியிருந்த கிருமியை மறந்துபோய், திறந்த தட்டுகளுக்கு மேலே குனிந்து நின்று பகிடி விட்டுக்கொண்டிருந்தேன். முகமூடி நாடிக்குக் கீழே தொங்கும். வாயை மூடிக்கொண்டு சொன்னால் பகிடி எடுபடாது என்பது அப்போதைய என் கொள்கை.

வேலை, மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பனியின் ஆய்வுகூடத்தில். கலியாண வீடுகளில் அப்பா என்னை நுண்ணுயிரியலாளர் என்று அறிமுகப்படுத்துவார். உடனே யாராவது வயிற்றுக்குத்துக்கு மருந்து கேட்பார்கள். மீன் கம்பனி என்று நான் சொன்னதும், அப்ப மீனுக்கு வருத்தம் வந்தால் பார்ப்பீங்களோ என்று கேட்டுவிட்டுச் சோற்றுப் பக்கம் திரும்பிவிடுவார்கள். நான் பார்த்ததெல்லாம் வெட்டுப் பலகையையும் ஐஸையும் மீன் வெட்டுகிறவர்களின் கைகளையும்தான். பஞ்சுக்குச்சியால் துடைத்து, அகார் கூழ் ஊற்றிய தட்டில் தேய்த்து, சூட்டுப் பெட்டிக்குள் இரண்டு நாள் வைத்து, என்ன முளைக்கிறதென்று எண்ணுவது. தோட்டக்காரன் வேலைதான். ஒன்றும் முளைக்காவிட்டால் சந்தோசப்படுகிற தோட்டக்காரன்.

அந்தக் கூழைக் காய்ச்சுகிறவள் கட்டைபறிச்சான் என்ற ஊரிலிருந்து வந்து டவுணில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு பிள்ளை. பிரஷர் குக்கரின் தாத்தா மாதிரி ஒரு பெரிய இயந்திரத்தில் கூழையும் போத்தல்களையும் அவித்துக் கிருமி நீக்குவது அவள் பொறுப்பு. என் பகிடிகளுக்குச் சிரிக்காத ஒரே ஆளும் அவள்தான். ஆசுபத்திரி ஆய்வுகூடத்தில் அரசாங்க வேலை எடுப்பதுதான் அவள் எண்ணம். அதற்கு விண்ணப்பிக்க, வேலை செய்த இடத்து அனுபவக் கடிதம் கட்டாயம் வேண்டும். அதற்காகத்தான் இந்த மீன் நாற்றத்துக்குள் கிடக்கிறேன் என்று என்னிடம் ஒருநாள் சொல்லியிருந்தாள்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நாளும் ஒரு தட்டில் எதையும் தேய்க்காமல், கூழை மட்டும் ஊற்றி வைப்போம். வெறும் தட்டு என்போம். அதில் ஒன்றும் முளைக்கக்கூடாது. முளைத்தால் அன்றைய முடிவு எல்லாம் குப்பை. ஒருநாள் அதில் முளைத்தது. பொன்னிறத்தில், பொட்டுப் பொட்டாக, நல்ல வடிவாக. அந்த நிறத்தைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. அந்த ரகம் மனிதனின் மூக்கில் வாழ்வது. தட்டுகளை ஊற்றியது நான். ஊற்றும்போது பகிடி சொன்னதும் நான்.

முடிவு இல்லாததால் மீன் ஏற்றிய கொள்கலன் துறைமுகத்துக்குப் போகாமல் நின்றுவிட்டது. மனேஜர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். அவள் தன் பதிவுப் புத்தகத்தோடு வந்தாள். அவிக்கும்போது இயந்திரத்துக்குள் ஒரு ஒட்டுநாடா வைப்போம், சூடு சரியாகப் பிடித்தால் அதில் கறுப்புக் கோடு விழும். அன்றைய நாடாவை அவள் புத்தகத்தில் ஒட்டி வைத்திருந்தாள். கோடு கரிக்கறுப்பாக இருந்தது. மனேஜருக்கு அது என்னவென்று தெரியாது. அவர் என்னைப் பார்த்தார்.

"இது சாட்சிக்குக் காணுமோ, சேர்?" என்று அவளும் என்னைத்தான் கேட்டாள்.

"அது சிலநேரம் பிழையாயும் காட்டும்" என்றேன்.

அது அப்படிப் பிழையாகக் காட்டி நான் கண்டதில்லை. அந்தக் கிழமைதான் என்னை நிரந்தரமாக்கும் கடிதம் மேசையில் கையெழுத்துக்குக் கிடந்தது. அறிக்கையில், கூழ் சரியாக அவிக்கப்படவில்லை என்று எழுதினேன். யாருடைய பெயரையும் எழுதவில்லை என்று அன்று எனக்கு நானே பெருமைப்பட்டும் கொண்டேன். அவிப்பதற்கு அங்கே வேறு யார் இருந்தார்கள்?

முடிவெடுக்க இரண்டு மூன்று நாள் ஆகும் என்றார் மனேஜர். அதற்கிடையில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து என் மூக்கையே பஞ்சுக்குச்சியால் துடைத்து ஒரு தட்டில் தேய்த்து வைத்தேன். அதே பொன்னிறம் முளைத்தது. சொல்வதற்கு இன்னும் நேரம் இருந்தது. நான் அந்தத் தட்டைக் கொண்டுபோய் அவித்து எறிந்தேன். அன்று மட்டும் ஒழுங்காக முகமூடி போட்டிருந்தேன்.

அவளை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். பிழை செய்து போகிறவர்களுக்குக் கடிதம் கொடுப்பதில்லை என்றுவிட்டார் மனேஜர். போகிற அன்று என்னிடம் வந்து, நீங்கள் உங்கள் பெயரில் ஒரு கடிதம் தந்தாலும் காணும் என்று கேட்டாள். பாப்பம் என்றேன். பிறகு அவள் இரண்டு தரம் போனில் எடுத்தாள். இரண்டு தரமும் பாப்பம். கொஞ்சக் காலத்தில் ஆய்வுகூடத்துக்கு நானே பொறுப்பாளனும் ஆனேன்.

வருசங்கள் போயின. இந்த வருசம், கூடப் படித்தவர்கள் கடற்கரை விடுதி ஒன்றில் கூடினோம். ஒருவன் கட்டாரில் பாண் ஃபக்டரியில் ஈஸ்ட்டுக்குக் காவல் இருக்கிறான். ஒருவன் காப்புறுதி விற்கிறான். நுண்ணுயிரியல் தெரிந்தபடியால் இன்ன இன்ன வருத்தம் வரும் என்று ஆட்களைப் பயப்படுத்துவது சுகம் என்கிறான். ஒருத்தி தண்ணீர் பரிசோதிக்கிறாள். என் முறை வந்ததும் மூக்குக் கதையைச் சொன்னேன், நடித்தும் காட்டினேன். எல்லாரும் வயிறு பிடித்துச் சிரித்தார்கள். தண்ணீர்க்காரி மட்டும் சிரித்து முடித்துவிட்டு, அந்தப் பிள்ளை இப்ப எங்க என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. அவ்வளவு நாளும் கதையில் அவளை ஒரு ஆளாக இல்லாமல், கூழ் அவிக்கிற ஒரு குக்கராகத்தான் வைத்திருந்தேன் போல.

அடுத்த கிழமை கடிதம் எழுதினேன். அவள் வேலை செய்த காலம், செய்த வேலை, அன்றைய பிழை என்னுடையது என்பது, எல்லாம். கம்பனி முத்திரையும் குத்தினேன். விசாரித்து, மோட்டார்சைக்கிளில் சீனன்குடா தாண்டி, கிண்ணியாப் பாலம் ஏறி, மூதூர் கடந்து கட்டைபறிச்சானுக்குப் போனேன். ஒரு பால் சேகரிக்கும் இடத்தில் நின்றாள். கொண்டுவருகிற பாலுக்குள் அடர்த்தி பார்க்கும் பால்மானியை மிதக்கவிட்டு, தண்ணீர் கலந்ததைத் திருப்பி அனுப்புகிற வேலை. நாலு வருசம் படித்த என்னைவிட அவள் அதை நிதானமாகச் செய்தாள்.

என்னைக் கண்டதும் கதிரையைக் காட்டினாள். நான் உட்காரவில்லை. தண்ணி கலந்த ஆள் வந்திருக்கிறன், திருப்பி அனுப்பிப்போடாதேங்கோ என்று ஒரு பகிடி விட்டுப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. பிறகு மூக்கு, பொன்னிறம், அவித்து எறிந்த தட்டு எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். கடிதத்தை நீட்டி, இனி ஆசுபத்திரிக்கு விண்ணப்பிக்கலாம், யார் கேட்டாலும் நான் வந்து சொல்லுறன் என்றேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கடைசி வரி வரைக்கும் வாசித்தாள். மடித்திருந்த மடிப்பிலேயே திரும்ப மடித்து என்னிடம் நீட்டினாள்.

"அந்த வேலைக்கு வயசெல்லை போன வருசத்தோட முடிஞ்சுது, சேர்."