நாத்தனார் மூலை

விளையாட்டு ஆய்வுக்கூடத்தில் அவளைக் குண்டுமணி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் ஒல்லி, பெயர் வேலையால் வந்தது. ஆட வருகிறவர்களின் மணிக்கட்டு, முழங்கை, தோள், இடுப்பு, முழங்கால் என்று மூட்டு மூட்டாகக் குண்டுமணி அளவில் மின்னுகிற உருண்டைகளை ஒட்டுவாள். சுற்றிலும் உள்ள கேமராக்கள் ஆளை விட்டுவிட்டு அந்த உருண்டைகளை மட்டும் பிடிக்கும். கம்ப்யூட்டரில் முகமில்லாத புள்ளிகள் ஓடும், தாவும், மட்டையை வீசும். ஸ்பிரிட்டால் தோலைத் துடைக்காமல் ஒட்டினால் முதல் தாவலிலேயே உருண்டை பறந்துவிடும். அவள் ஒட்டி எதுவும் பறந்ததில்லை.

அவளும் ஷட்டில் ஆடுகிறவள்தான். அவளுக்கு ஜோடி, வீட்டுக்காரரின் தங்கை. அண்ணியும் நாத்தனாரும் ஒரே பக்கம் நின்றால் வலையைத் தாண்டி அடிப்பார்களா, தங்களுக்குள்ளேயே அடித்துக்கொள்வார்களா என்று கேலி செய்யாத ஆள் இல்லை. நாலு ஆட்டம் பார்த்த பிறகு எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

நாத்தனார் இடது கைக்காரி. இடது பின்மூலைக்கு வருகிற ஷட்டில் வலது கைக்காரர்களுக்கு எமன். உடம்பை முழுக்கத் திருப்பிப் புறங்கையால் வீச வேண்டும். நாத்தனாருக்கு அது அல்வா மாதிரி. அங்கே ஷட்டில் போனால் அண்ணி "உனக்கு!" என்று கத்திவிட்டு வலப்பக்கம் விலகுவாள். பின்னாலிருந்து டப்பென்று சத்தம் வரும். திரும்பிப் பார்க்கவே வேண்டியதில்லை. அந்த இடத்துக்கு நாத்தனார் மூலை என்றே பெயர் விழுந்துவிட்டது.

"கஷ்டமானதை எல்லாம் என் தலையில கட்டிட்டு நீங்க ஜாலியா ஒதுங்கிடுறீங்க அண்ணி."

"வீட்டுல ஒரு டம்ளர் கழுவுறியா நீ? இங்கயாவது வேலை செய்."

அந்தப் பெண் ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். சொல்லும்போதே நம்ப முடியாத சாவு. வந்தவர்கள் மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதார்கள், அண்ணன்காரரின் தோளைத் தட்டினார்கள். அவளிடம், "நீதாம்மா தைரியமா இருந்து இவங்களைப் பாத்துக்கணும்" என்றார்கள். துக்கத்திலும் வரிசை பார்க்கிறவர்கள் மனுஷர்கள். வாழ வந்த வீட்டில் நாத்தனாருக்காக ஒருத்தி எவ்வளவு அழலாம் என்று யாரோ அளந்து வைத்திருக்கிறார்கள் போலிருக்கிறது. அவள் அழவில்லை. வந்தவர்கள் குடித்து வைத்த டம்ளர்களை எல்லாம் கழுவிக் கவிழ்த்தாள்.

கிடைத்த ஒருத்தியோடு ஜோடி சேர்ந்து மறுபடி ஆடப் போன முதல் நாளே இடது மூலைக்கு ஷட்டில் வந்தது. "உனக்கு!" என்று கத்திவிட்டு விலகினாள். ஷட்டில் தரையில் விழுந்தது. பிறகும் அதே கதைதான். வாயை அடக்கப் பழகினாள், காலை அடக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால் அடக்க விரும்பவும் இல்லை. விலகியதற்கும் ஷட்டில் விழுவதற்கும் நடுவே ஒரு நொடி இருக்கிறதே, அந்த நொடியில் நாத்தனார் பின்னால் நின்றாள். அதற்காகவே அவள் ஆடப் போனாள். தோற்றுக்கொண்டே போனாள்.

ஆய்வுக்கூடத்து மேடத்துக்கு இது காதில் விழுந்தது. பழகின ஜோடியைப் பிரிந்தவர்களின் கால்கள் பழைய பழக்கத்தை விடுமா, எப்படி விடும் என்பதுதான் மேடம் அப்போது செய்துகொண்டிருந்த ஆராய்ச்சி.

"நீங்களும் வாங்கக்கா. உங்களை மாதிரி ஆள்தான் வேணும்."

"என் கால் மறக்கலேன்னா, மேடம்?"

"அதுவும் ரிசல்ட்தான். அப்படியே எழுதிக்குவோம்."

அந்த வார்த்தை போதுமாக இருந்தது. முதல் நாள் தனக்குத் தானே உருண்டைகளை ஒட்டிக்கொண்டாள். முதுகுக்கு மட்டும் மேடம் ஒட்டினார். ஆடி முடித்துக் கம்ப்யூட்டரில் பார்த்தால், புள்ளிக்கூட்டம் வலப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது. இடப்பக்கம் சரியாக ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம்.

"இல்லாத ஆளுக்கு வழி விடுறீங்க, பாருங்க" என்றார் மேடம்.

அவளுக்கு அன்று ரொம்ப நாள் கழித்துச் சிரிப்பு வந்தது. வீட்டில் நாத்தனாரின் துணிமணிகளைக்கூட யார் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். இது ஒன்று அவளிடம் பத்திரமாக இருந்தது.

ஆனால் ஆராய்ச்சி என்றால் பயிற்சியும் உண்டு. புது ஜோடி ஒரு வங்கிக்காரப் பெண், வலது கைக்காரி. தங்கமான பெண், அவள்மேல் ஒரு குறை சொல்ல முடியாது. குண்டுமணி அக்காவுக்கு அதுவே குறையாக இருந்தது. இடது மூலைக்கு ஷட்டில், மறுபடி இடது மூலைக்கு ஷட்டில் என்று நாள் தவறாமல் பயிற்சி நடந்தது. ஒப்புக்குச் செய்துவிட்டு வந்துவிடலாம், மனசு வைக்காவிட்டால் கால் எப்படி மாறும் என்று அவள் நினைத்தாள். "உடம்புக்கு வேணும் வேண்டாம் எல்லாம் தெரியாது, செஞ்சா கத்துக்கும்" என்று மேடம் மாணவர்களிடம் சொல்வதை உருண்டை ஒட்டிக்கொண்டே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். ஊரார் உடம்பைப் பற்றிச் சொல்கிறார்கள் என்றே இருந்துவிட்டாள், பைத்தியக்காரி.

பயிற்சி முடிந்ததும் கொஞ்ச காலம் மட்டையைத் தொடக் கூடாது. அதற்குப் பிறகுதான் பரீட்சை. சூடு ஆறின பிறகு எது மிஞ்சுகிறதோ அதுதான் கற்றது என்பது அவர்கள் கணக்கு. அந்த இடைவெளியில் அவள் நிம்மதியாகவே இருந்தாள். கால் பழைய வழிக்குத் திரும்பிவிடும் என்று நம்பினாள்.

பரீட்சை அன்று முதல் ஷட்டிலே இடது பின்மூலைக்கு உயரமாக வந்தது. அவள் எதையும் யோசிக்கவில்லை. அவள் விலகவில்லை. இடது காலை ஊன்றி உடம்பு தானாகத் திரும்பியது, மட்டையைப் புறங்கையால் வீசியது, டப்பென்று சத்தம் கேட்டது. தன் வாய் "எனக்கு!" என்று கத்தியதையும் அவளே கேட்டாள்.

ஷட்டில் எதிர்ப்பக்கத்துக் கோட்டுக்கு உள்ளே விழுந்தது. வங்கிக்காரப் பெண் கைதட்டினாள். மேடம் கம்ப்யூட்டரை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"பாத்தீங்களாக்கா, கத்துக்கிச்சு!"

அவள் அந்த மூலையிலேயே நின்றாள். பின்னால் சுவர்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது உருண்டைகளைப் பிய்த்த இடமெல்லாம் தோல் எரிந்தது. கணவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எப்படிப் போச்சு?"

"உங்க தங்கச்சி பந்தை நான் எடுத்துட்டேங்க."

"எடுத்தா நல்லதுதானே?" என்றார் அவர், ஒன்றும் புரியாமல்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். சாவு வீட்டில் அழ வேண்டிய அழுகை. அவர் ஒற்றைச் செருப்போடு எழுந்து நின்று, "என்னம்மா, என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.