மூணாங் கியர்

நான் பிறந்த வாரத்தில்தான் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குக் கரண்ட் வந்ததாம். அதனால் என்னை ராசிக்காரி என்று வீட்டில் முடிவுகட்டிவிட்டார்கள். யார் நல்ல காரியத்துக்குக் கிளம்பினாலும் என்னை எதிரே நடந்துவரச் சொல்வார்கள். நானும் ஏழு வயதில் பெரிய மனுஷிபோல நடந்துவருவேன். அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது வாய் கசக்கிறது.

ஹல்துமுல்லைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். கொழுந்து இழுக்கும் டிராக்டர் படுத்துவிட்டதால், தோட்டத்துப் பழைய பிக்கப்பில் டிரெயிலரைக் கொளுவி ஓட்ட ஆள் தேவைப்பட்டது. சித்தப்பா அந்தப் பிக்கப்பைப் பல வருடம் கழுவித் துடைத்தவர். லைசன்சும் எடுத்து வைத்திருந்தார். முழு லோடு கொழுந்தோடு, வழியில் நிற்காமல், மலைமேல் தேயிலை அரைக்கும் ஸ்டோருக்கு வந்து சேர்ந்தால் டிரைவர் வேலை உனக்கு என்று தோட்டத்தை நடத்தும் தொரை சொல்லிவிட்டார். வேலை கிடைத்தால் தனிக் குவாட்டர்ஸ். அது கிடைத்தால் நமுனுகுலயிலிருந்து பெண் தருவதாகப் பேச்சு. ஒற்றை அறைக் காம்பராவில் எங்கள் நாலு பேரோடு முடங்கிக் கிடந்தவருக்கு அதுதான் உலகம்.

"புள்ளயையும் கூட்டிக்கிட்டுப் போங்க தம்பி, காரியம் ஜெயிக்கும்" என்று அம்மா என்னை முன்சீட்டில் ஏற்றிவிட்டார்.

மழையைக் கண்டு மாதக்கணக்காகியிருந்த உச்சிவெயில். ஏற்றம் தொடங்கியதும் சித்தப்பா ரெண்டாங் கியருக்கு இறக்கினார். "மூணுல போட்டா ஓட்டம் இருக்கும், இழுவை இருக்காது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வண்டி ஊர்ந்தது. சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. உடனே அவர் டேஷ்போர்டில் ஒரு குமிழைத் திருகினார். என் காலடியிலிருந்து அனல் காற்று வீசியது.

"கொஞ்சம் பொறுத்துக்க தங்கம். பெரகலைக்குப் போயி ஐஸ்கிரீம் வாங்கித் தாறேன்."

ஏற்கெனவே வெந்துகொண்டிருப்பவளுக்கு இன்னும் சூடா என்று எனக்குக் கோபம். ஒரு வளைவில் அவர் தலையை வெளியே நீட்டி டிரெயிலரைப் பார்த்த நேரம், குமிழைப் பழையபடி திருகி மூடினேன். அடுத்த இரண்டு வளைவுகூடத் தாண்டவில்லை. முன்பக்கமெல்லாம் ஆவி. ஸ்டோரின் தகரக் கூரை மேலே தெரிந்துகொண்டுதான் இருந்தது.

இன்ஜினை நிறுத்தப் போன சித்தப்பாவின் கை அந்தக் குமிழருகே ஒரு கணம் நின்றது. என்னைப் பார்த்தார். தோளில் கிடந்த துவாயை எடுத்து என் முகத்தைத் துடைத்தார்.

"ரொம்ப வெக்கையா இருந்துச்சா தங்கம்?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

தொரை ஜீப்பில் இறங்கி வந்தார். சித்தப்பா கைகட்டி நின்று, "பிழை என்னோடதுங்க தொரை. அவசரப்பட்டு மூணாங் கியரு போட்டுட்டேன்" என்றார். என் முழங்காலில் இடித்துக்கொண்டிருந்த கியர்த்தடி ஏற்றம் முழுவதும் ரெண்டை விட்டு அசையவே இல்லை. பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

வேலை வேறு ஒருவருக்குப் போனது. பெண்ணும் போனாள். லயத்துப் பிள்ளைகள் சித்தப்பாவுக்கு மூணாங் கியர் என்று பெயர் வைத்தார்கள். அவர் தண்ணீர்க் குழாயடிக்கு வந்தால் எல்லோரும் கத்துவோம். எல்லோரையும்விட உரக்கக் கத்தியவள் நான். என் ராசிக்கு ஒரு குறையும் வரவில்லை. அடுத்த கல்யாணத்துக்கும் என்னைத்தான் எதிரே நடக்கவிட்டார்கள். சித்தப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் பாத்திரம் கழுவப் போனார். தீபாவளிக்கு வருவார், எனக்குச் சட்டை வாங்கி வருவார், போய்விடுவார்.

போன வருடம் அவரைக் கடைசியாக ஊருக்குக் கொண்டுவந்தபோது வேனின் முன்சீட்டில் நான் இருந்தேன். ஹல்துமுல்லை ஏற்றத்தில் டிரைவர் தம்பி ஒரு குமிழைத் திருகினான். காலில் அதே அனல். எதற்கென்று கேட்டேன்.

"ஹீட்டரு அக்கா. இன்ஜின் சூட்ட உள்ள இழுத்துக்கும். நமக்குத்தான் வெக்கை, வண்டி தப்பிச்சிரும்."

சித்தப்பா என் கைவேலையைப் பார்த்துவிட்டுத்தான் என் முகத்தைத் துடைத்தார் என்பது ஏழு வயதில் எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது அவர் பின்னால் பெட்டிக்குள் இருந்தார்.