நாகம் இல்லாத ஜாடி

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். அவர்கள் சோற்றுக்கு ஊறுகாய் கொடுத்தது ஒரே ஜாடி. அதைப் பற்றித்தான் சொல்கிறேன், பேத்தி எழுதுகிறாள்.

நிகோபாரில் கொப்பரை ஏற்றும் படகில் வேலை பார்த்த என் மாமனார் இரண்டு பழைய ஜாடிகளைக் கொண்டுவந்தார். ஒன்றின் வயிற்றைச் சுற்றி வளைந்து வளைந்து ஒரு நாகம். இன்னொன்று வெறும் பழுப்பு. கழுத்தில் வளையம் போல நான்கு காதுகள் மட்டும் உண்டு. பாகம் பிரித்தபோது மாமியார் நாகத்தை மூத்த மருமகளுக்குக் கொடுத்துவிட்டார். அவள், என் ஓரகத்தி, மரைன் ஹில் வீட்டுப் பூஜையறையில் அதை வைத்து வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் குங்குமம் இட்டாள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். லம்பா லைன் வீட்டில் நான் என் ஜாடியில் எலுமிச்சையைப் போட்டு, வாயைத் துணியால் மூடி, காதுகளில் கயிறு கட்டினேன்.

போன வருடம் மியூசியத்து ஆபீசர் ஒருவர் நாகத்தைக் கேட்டு வாங்கிப் போனார். அதைப் பார்க்க என்னையும் பேத்தியையும் ஓரகத்தி கூட்டிப்போனாள். கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு, கீழே அட்டையில் அவள் பெயர். பேத்தி படித்துச் சொன்னாள். அது நாகமே இல்லையாம். சீனாக்காரர்களின் டிராகனாம், மழையையும் கடலையும் ஆள்வதாம். அதன் கால்களை நாங்கள் எல்லோரும் கொடி என்று நினைத்திருந்தோம்.

"ஏக்கா, இத்தனை காலமா சீனாக்காரன் சாமிக்கா குங்குமம் வச்சே?" என்றேன்.

"கும்பிட்டேன், அதான் கண்ணாடிக்குள்ள உக்காந்திருக்கு. உன்னுது ஊறுகா ஜாடி, அவ்வளவுதாண்டி."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாளே ஊறுகாயை வேறு பாத்திரத்துக்கு மாற்றி, ஜாடியைக் கழுவி, ஆட்டோவில் மியூசியத்துக்குக் கொண்டுபோனேன். அதே ஆபீசர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அரே அம்மாஜி, இதுவும் அஸ்லி, நிஜமான சீனா ஜாடி! கப்பல்ல சீனாக்காரங்க இதுலதான் உப்புக் கீரை, ஊறுகாய் எல்லாம் கொண்டு வருவாங்க. உங்கள மாதிரியே காதுல கயிறு கட்டி மூடுவாங்க."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "அப்ப அவ ஜாடிக்குப் பக்கத்துல வைங்க. எம்பேரையும் எழுதுங்க."

"ஜகா நஹி, அம்மாஜி. பெட்டியில இடமில்ல. இப்போதைக்குக் கோடவுன்ல இருக்கட்டும்."

"கோடவுன்லயா? அவளுது வெளிச்சத்துல, என்னுது இருட்டுலயா? அதுக்கு என் அடுப்படியே மேல்."

அதே ஆட்டோவில் திரும்பினேன். மறுபடி எலுமிச்சையை நிரப்பி, கயிற்றைக் கொஞ்சம் இறுக்கியே கட்டினேன். வருடாவருடம் என் ஊறுகாயில் முதல் கிண்ணம் ஓரகத்திக்குத்தான் போகும். நேற்று போன் செய்தாள். "ஊறுகா ஆயிடுச்சாடி?"

"கண்ணாடிப் பெட்டிகிட்டப் போய்க் கேளுக்கா."

போனை வைத்தபிறகும் எரிச்சல் தணியவில்லை. அதனால்தான் இதை எழுதச் சொன்னேன்.

"கண்ணு, முதல்லேருந்து ஒருவாட்டி படி. அவ பேரு எங்கயும் வந்துடலையே? அட்டையில இருக்கிறதே அவளுக்குப் போதும்."