கண்ணீருக்குக் கிடைத்த கைதட்டல்

இலங்கை மலையகத்தின் பொகவந்தலாவையில் நடந்த ஒரு பட்டிமன்றத்தில்தான் என் கண் முதன்முதலாக என்னோடு உடன்பட மறுத்தது. மேடையில் தொங்கிய ஒரே பெட்ரோமாக்ஸ் விளக்கு ஐந்தாறாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் வால் முளைத்து நின்றது. பனிமூட்டத்தின் வேலை என்று எண்ணி, வாதத்தை முடித்து, வென்று, வீடு திரும்பினேன். நான் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஆசிரியன். மறுநாள் நல்ல வெயிலில், கரும்பலகையில் நானே எழுதிய எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிழலிட்டுத் தெரிந்தபோதுதான் பனியைக் குற்றம் சொல்ல முடியாமற் போனது.

ஹட்டனில் கண்ணாடி மாற்றினேன். சில மாதங்களில் அதுவும் பயனற்றுப் போனது. பிறகு கொழும்பு.

கருவிழி (கண்ணின் முகப்பில் உள்ள ஒளிபுகும் படலம்) கிண்ணத்தின் அடிபோல் உருண்டிருக்க வேண்டும். எனக்கு அது மெலிந்து, கூம்பாக முன்தள்ளி வருவதாக மருத்துவர் விளக்கினார். அவர் யாழ்ப்பாணத்தவர். இதை நிறுத்த மருந்து இல்லை என்றார். உதவும் வரை கண்ணாடி. அடுத்து விழிவில்லை (கருவிழியின் மீதே பொருத்தும் கெட்டியான பிளாஸ்டிக் வில்லை). படலத்தில் தழும்பு விழுந்தால் கருவிழி ஒட்டு (இறந்தவரின் கருவிழியை எடுத்துத் தைக்கும் அறுவை). ஒவ்வொன்றுக்கும் எதிராக நியாயம் எடுத்துச் சொல்லி நான் அவரை மடக்கிக்கொண்டே போனேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "தம்பி, இதில நீர் வெல்லுறதுக்கு எதிர்க்கட்சி ஒண்டும் இல்லை. முதல்ல வில்லையைப் போட்டுப் பாரும்."

வில்லை வந்த நாளில் தேயிலைக் கொழுந்தின் நரம்பைக் கண்டேன். ஆனால் சில மணி நேரத்துக்குமேல் அது கண்ணில் மணலாக உறுத்தும். லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) அடுப்புப் புகையில் அதைத் தாங்கவே முடியாது.

எங்கள் பிரஜாவுரிமையை (குடியுரிமையை) பறித்த சட்டம் பற்றிய கூட்டமொன்றில் வில்லையை அணிந்தபடி பேசினேன். சொல் எங்கே போய் விழுகிறது என்று முகங்களைப் பார்த்தறியாமல் என்னால் பேச இயலாது. பாதிப் பேச்சில் காற்று எழுந்து தூசு புகுந்தது. கண்ணீர் தாரையாக ஓடியது. மேடையில் வில்லையைக் கழற்றுவது எப்படி? சட்டத்தின் நியாயமின்மையைப் படிப்படியாக நிறுவிக்கொண்டிருந்தேன்; பின்வரிசையில் பெண்கள் முந்தானையால் முகம் துடைப்பதைக் கண்டேன். அன்று கிடைத்த கைதட்டல் அதற்குமுன் எனக்குக் கிடைத்ததில்லை.

என்னை வளர்த்த அக்கா, கொழுந்தெடுப்பவர், திரும்பும் வழியில் கேட்டார்: "கண்ணு ஏன்டா இப்படிச் செவந்து கெடக்கு? அழுதியா?"

"தூசுக்கா."

எனக்கு அந்தக் கைதட்டல் அவமானமாக இருந்தது. வாதம் பெற வேண்டியதைக் கண்ணீர் பெற்றுவிட்டது என்றே நம்பினேன். அறுவைக்கு என் மனம் இசைந்தது அன்றுதான். ஆனால் மனம் இசைந்தது மட்டும் காரணமல்ல: வலது கருவிழியின் நுனியில் தழும்பு விழுந்திருப்பதை அடுத்த சோதனையில் மருத்துவரும் கண்டார். வில்லையைத் தாங்க முடிந்தவர்கள் இதற்கு அவசரப்பட வேண்டாம் என்றார் அவர். ஒட்டிய படலம் எல்லோருக்கும் தெளிவாக நிலைப்பதில்லை, சிலருக்கு மங்கிவிடும் என்றும் எச்சரித்தார்.

அறுவைக்குப் பின் இரு கண்களிலும் கட்டு. தலைக்கு இருபுறமும் மணல் மூட்டை. இருமக் கூடாது, மெல்லக் கூடாது, தையல் இழுபடும் என்பதால் பேசவும் கூடாது. குரலே நான் என்று வாழ்ந்தவனுக்கு அந்த இருட்டைவிட அந்த மௌனம் கடினமாக இருந்தது.

அக்கா அருகில் இருந்து கஞ்சி ஊட்டினார். "இப்பத்தான்டா நான் பேசி முடிக்கிற வரைக்கும் நீ குறுக்க வராம இருக்க," என்றார். சிரிக்கவும் தடை இருந்தது.

பிறகு ஒரு பகலில், கூட்டத்தைப் பற்றி அவராகவே சொன்னார்:

"நாங்க பொம்பளைங்க எல்லாம் கடைசியில உக்காந்திருந்தோம். உன் மூஞ்சியே சரியாத் தெரியல. நீ அழுதியா, தூசு விழுந்துச்சா, எங்களுக்கு எங்க தெரியும்? உன் பேச்சைக் கேட்டுத்தான்டா அழுதோம்."

மறுக்கவோ நன்றி சொல்லவோ எனக்கு வாய் இல்லை. அவர் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டேன். ஒரு சொல்லை எதிர்ச்சொல் இல்லாமல் முழுமையாகப் பெற்றுக்கொண்டது என் வாழ்வில் அதுவே முதல் முறை.

கட்டு அவிழ்ந்தபோது வெளிச்சம் மட்டும் வந்தது. வாரங்கள் கழித்தே உருவங்கள் வந்தன. கருவிழியைக் கொடுத்தவர் முதியவரான ஒரு தாய் என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குச் சொல்லப்படவில்லை. ஆகவே என் உடம்பில் ஒரு சிறு வட்டம் என்னைவிட வெகுவாக மூத்தது. அது நான் பிறப்பதற்குமுன் எதையெதையோ பார்த்திருக்கிறது. என்னோடு எவ்வளவு காலம் இருக்கும் என்று மருத்துவரும் சொல்வதில்லை. குரலை உயர்த்த இன்னும் அனுமதி இல்லை.

காலையில், பெரட்டுக்கு (வேலை பிரிக்கும் இடத்துக்கு) ஆட்கள் இறங்கிப் போகும் நேரத்தில், இடது கண்ணைப் பொத்திக்கொண்டு எதிர்மலையைப் பார்க்கிறேன். தேயிலை வரிசைகள் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பார்க்கும் வரையில் அந்த நாள் என்னுடையதல்ல. தெரிந்தபின் எழுந்து முகம் கழுவுகிறேன், ஒட்டிய கண்ணில் நீர் படாமல்.