ஊசி போட்ட கை

1992ஆம் ஆண்டு, மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. காலை ஏழு மணி: அச்சுவேலியில், எங்கள் வெங்காயத் தோட்டத்தில், என் மனைவியைப் புடையன் பாம்பு கடித்தது. எட்டரை: மண்ணெண்ணெயில் ஓடிய வாடகைக் காரில் ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றோம். பத்து: விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். பகல் ஒரு மணி: ஊசி குத்திய இடங்களில் குருதி நிற்கவில்லை.

என் நாட்குறிப்பில் இவ்வளவே உள்ளது. எழுதாமல் விட்டதை இப்போது சொல்கிறேன்.

அவளுடைய குருதி உறையும் தன்மையை இழந்துவிட்டது என்றும், பிளாஸ்மா, அதாவது குருதியிலுள்ள மஞ்சள் நிறத் திரவம், உடனே ஏற்ற வேண்டும் என்றும் வைத்தியர் சொன்னார். போரால் மின்சாரம் இல்லாத காலம்; சேமிப்பில் ஒன்றுமில்லை. யாராவது குருதி கொடுத்தால், மின்பிறப்பாக்கி நிறுத்தப்படும் மாலை நான்கு மணிக்குள் அதைப் பிரித்தெடுக்கலாம். எங்கள் இருவருக்கும் ஒரே குருதியினம். நான் சட்டைக் கையை மடித்தேன்.

முந்திய நாள்தான், அகதிகள் தங்கியிருந்த எங்கள் பாடசாலையில், ஆசிரியர்களான எங்கள் எல்லோருக்கும் நெருப்புக் காய்ச்சலுக்கு, அதாவது டைபாய்டுக்கு, தடுப்பூசி போட்டிருந்தார்கள். விடிந்ததிலிருந்து எனக்குக் காய்ச்சல். நடைகூடம் நடக்க நடக்க நீண்டது. மனிதர்கள் தண்ணீருக்கு அடியிலிருந்து கதைப்பதுபோலக் கேட்டது. சுவரில் அசைந்த வேப்ப நிழலைத் தொட்டால் கை நனையும் என்று தோன்றியது.

"ஐயா, கிட்டடியிலை தடுப்பூசி ஏதும் போட்டனீங்களோ?" என்று தாதி கேட்டார்.

"இல்லை" என்றேன். அந்தச் சொல்லை வேறு யாரோ சொன்னதுபோல இருந்தது.

படுக்கச் சொல்லி இடத்தோளைப் பிடித்தபோது என் முகம் சுளித்தது. அவர் சட்டைக் கையை உயர்த்திப் பார்த்தார். ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கியிருந்தது. நெற்றியையும் தொட்டார்.

"உடம்பு நெருப்பாக் கொதிக்குது. உந்த ரத்தத்தை அந்த அம்மாவுக்கு ஏத்திப்போட்டு நான் ஆருக்குப் பதில் சொல்லுறது? எழும்புங்கோ ஐயா."

பிறகு வாசலில் நின்று, "பி பொசிட்டிவ் ஆராவது இருக்கிறியளோ?" என்று கூப்பிட்டார். மணி மூன்று. யாரும் அசையவில்லை.

கணவனுக்குச் சோறு கொண்டுவந்து வாங்கில் அமர்ந்து காத்திருந்த ஒரு பெண் எழுந்தார். பருத்தித்துறையில் மீன் விற்பவராம். "போன வருசம் என்ரை மனிசனுக்குக் குடுத்தனான், மிஸ்ஸி. என்ரை ரத்தமும் அதுதான்." என் நெற்றித் திருநீற்றைக் கண்டதும் நின்றார். "ஐயா ஆக்கள் சைவமோ? என்ரை ரத்தம் உள்ளை போனால் அம்மா நாளைக்கு மீன்குழம்பு கேப்பா. பிறகு என்னைப் பேசக்கூடாது!"

வாங்கில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் கும்பிட்டேன்.

"கும்பிடு வேண்டாம். தேத்தண்ணி ஒண்டு வாங்கித் தாங்கோ."

வாங்கி வந்தபோது அவர் குருதி கொடுத்துவிட்டுக் கணவனிடம் போய்விட்டார். எந்த வார்டு என்று நான் கேட்கவில்லை. அந்தத் தேநீரை நானே குடித்தேன்.

மாலையில், யன்னல் வெளிச்சத்தில், அந்தப் பை என் மனைவியின் தலைக்கு மேல் தொங்கியது. இளவெயிலைக் கரைத்து ஊற்றியதுபோன்ற மஞ்சள். அவள் கண் திறந்து வெகுநேரம் அதையே பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, உது உங்கடை ரத்தமே?"

நான் போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு உறங்கிப்போனாள்.

அவள் பிழைத்தாள். வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும், "இவரின்ரை ரத்தம்தான் எனக்குள்ளை ஓடுது" என்று சொல்வாள். நான் பத்திரிகையை உயர்த்திப் பிடித்துக்கொள்வேன். கடந்த புரட்டாசியில் காலமானாள்.

ஒரு பொய்யைத் தாதி அரை நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். மற்றதைக் கண்டுபிடித்திருக்கக்கூடிய ஒரேயொருத்தி என்னை நம்பியபடியே போய்விட்டாள் என்பதுதான் இன்றைக்கும் என்னோடு இருக்கிறது.

செய்யாமல் விட்டவை:

பருத்தித்துறைச் சந்தையில் அந்தப் பெண்ணைத் தேடுதல். இரண்டு தடவை பஸ் ஏறினேன். இரண்டு தடவையும் பாதி வழியில், நெல்லியடியில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

தாதியிடம், அவர் செய்ததே சரி என்று சொல்லுதல்.

மனைவியிடம், "என்ரை இல்லை" என்று சொல்லுதல்.