செவேராவின் மேற்குச் சுவர்

எங்கள் சான் திமோதேயோ ஊர்க் கோயிலின் மணிக்கூண்டு, கோயிலோடு ஒட்டாமல் நாற்பது தப்படி தள்ளி, கோபித்துக்கொண்ட சம்பந்தி மாதிரி தனியாக நிற்கும். பூகம்பம் வந்து கூண்டு விழுந்தால் கூரைமேல் விழக்கூடாது என்று ஸ்பானியச் சாமியார்கள் செய்த ஏற்பாடு. என் பாட்டனாரின் காலத்து நடுக்கத்தில் அது மூன்று எட்டு கடற்பக்கம் நடந்துபோய், அலையைக் கண்டு பயந்து திரும்பி வந்தது. பார்த்தவர்கள் யாரும் இப்போது இல்லை. ஆகவே மறுக்கவும் ஆளில்லை.

கோயில் சுவர் முழுக்கச் செங்கல். ஒரு மாட்டுவண்டி நிற்குமளவு அகலம். நிலம் ஆடினாலும் தாங்கிக்கொள்ள, பக்கவாட்டில் படிப்படியாக முட்டுச்சுவர்கள். எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பில் கரும்புப்பாகு கலந்த பூச்சு. இருநூறு வருஷமாக எறும்புகள் ஒரு ஞாயிறு பூசையும் தவறவிடாததற்கு அதுதான் காரணம்.

இந்தப் பூச்சை மேற்குப் பக்கம் முழுக்க உரித்தெடுத்த புண்ணியவதி செவேரா.

செவேரா கோயில் மைதானத்துச் சந்தையில் கரும்புக் காடி விற்றவள். புருஷன் ஹவாய்க்குக் கரும்பு வெட்டப் போய் அங்கேயே மண்ணுக்குள் போனார். பிள்ளைகள் இல்லை. தனக்குப் பிறகு தன் பெயரைச் சொல்ல ஒரு நாக்கும் இருக்காதே என்பது அவளுடைய ஒரே மனக்குறை.

எங்கள் ஊரில் அதற்கு ஒரு வழி உண்டு. திருவிழாவை எடுத்து நடத்துகிறவர் கோயிலுக்கு ஏதாவது செய்து, அதில் தன் பெயரை எழுதிவைப்பார். பெஞ்சில் பெயர், தூணில் பெயர், தீர்த்தத் தொட்டியில் பெயர். முழங்கால் போட்டால் யாராவது ஒருவர் பெயர்மேல்தான் போடவேண்டும். முப்பது வருஷம் காத்திருந்து, 1974இல் செவேராவின் முறை வந்தபோது கோயிலில் பெயர் எழுத ஓர் இடமும் மிச்சமில்லை.

பக்கத்து ஊரில் அப்போதுதான் பூச்சைக் கொத்திச் செங்கல்லை வெளியே காட்டியிருந்தார்கள். பார்க்கப் பஸ்ஸில் ஆட்கள் வந்தார்கள். செவேராவுக்கு வழி கிடைத்துவிட்டது. ஆறு வாரம் உளிச்சத்தம். கடைசியில் மாலை வெயிலில் மேற்குச் சுவர் பழுத்த மிளகாயாகச் சிவந்து நின்றபோது ஊரே கைதட்டியது. "மனாங் செவேரா சுவர்" என்று பெயரே விழுந்துவிட்டது. எங்கள் ஊரில் அக்காவை மனாங் என்றும் அண்ணனை மனோங் என்றும் கூப்பிடுவோம். அவள் பெயரைப் பொறித்து வாசலில் பதிக்கச் சலவைக்கல்லுக்கும் சொல்லியாயிற்று. மற்ற மூன்று சுவர்களையும் அடுத்த வருஷம் உரிப்பதாகப் பேச்சு.

ஒரு மழைக்காலம் போனது. சுவரோரம் அடுக்கிய காடி ஜாடிகளின் மூடித்துணி தினமும் சிவக்க ஆரம்பித்தது. செவேரா ஒரு செங்கல்லை விரலால் அழுத்திப் பார்த்தாள். ஊறிய ரொட்டி போல விரல் உள்ளே போயிற்று. மண்ஜாடியோடு வாழ்ந்தவள் அவள். உப்பு ஏறிய ஜாடி எப்படிச் செதில் செதிலாக உதிரும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூச்சு என்பது அலங்காரமல்ல, தோல். அதைத்தான் அவள் உரித்திருந்தாள்.

பங்குச் சாமியார் லியோன்சியோவிடம் சொன்னாள்.

"செங்கல்லுன்னா கொஞ்சம் உதிரத்தான் செய்யும், மனாங்" என்றார் அவர்.

திருவிழாக் குழுவின் தலைவர் கிறிஸ்பினிடம் சொன்னாள்.

"ஊருக்கு பஸ்ஸு வர ஆரம்பிச்சிருக்கு, நீங்க தூசிக்கு அழறீங்களே!"

ஒரு வாரம் யோசித்தாள். வாயை மூடிக்கொண்டால் பெயர் நிலைக்கும், கோயில் கரையும். வாயைத் திறந்தால் கோயில் பிழைக்கும். அவள் பெயர் ஊர்ச்சிரிப்பாகும். முப்பது வருஷ ஆசையை அப்படிச் சுலபமாக விட்டுவிட முடியுமா? முடியவில்லை என்பதால்தான் ஒரு வாரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து குழு கூடவேண்டும். "உள்ள ஒரே புழுக்கம். மேற்குப் பக்கம் நல்ல நிழலு, காத்தும் வருது" என்று பெஞ்சுகளைச் சுவரோரம் போடவைத்தாள் செவேரா. நாங்களெல்லாம் ஞாயிற்றுக்கிழமை வெள்ளையில் வசதியாகச் சாய்ந்து ஒரு மணி நேரம் பேசினோம். மற்ற மூன்று சுவரையும் உரிப்போம் என்றதும் எல்லாக் கையும் உயர்ந்தது, என் கையும்தான்.

"சரி, எல்லாரும் எந்திரிங்க. பக்கத்துல இருக்கிறவங்க முதுகைப் பாருங்க" என்றாள் செவேரா.

வரிசையாகச் சிவப்பு முதுகுகள். சாமியாரின் வெள்ளை அங்கி பின்னால் செங்கல் சூளை மாதிரி இருந்தது.

"ஐயோ, நேத்துத்தானே கஞ்சி போட்டேன்!" என்று கிறிஸ்பினின் மனைவி தலையில் கைவைத்தாள்.

"நீங்க ஒரு மணி நேரம் சாஞ்சதுக்கே இவ்வளவு. கடல் காத்து ராத்திரி பகலா சாஞ்சுக்கிட்டு இருக்கு" என்றாள் செவேரா.

கிறிஸ்பின் சட்டையைத் தட்டிக்கொண்டே, "உரிச்சது யாரு மனாங்? நாங்களா?" என்றார்.

"நான்தான். பேராசை, மனோங். ஊர் முன்னால சொல்றேன், போதுமா? கல்லு வேண்டாம்னு சொல்லி அனுப்பிடுங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பெல்லாம் மறுநாளிலிருந்து வந்தது. "மனாங், உரிச்ச கோயிலுக்கு எப்பத் துணி உடுத்துவீங்க?" என்று சந்தையில் காடி வாங்குகிறவன், வாங்காதவன் எல்லாம் கேட்டான். "உனக்கு முதல்ல உடுத்தறேன், வா" என்பாள்.

மறுபடியும் பூசுவதென்று முடிவானதும், சீக்கிரம் முடிய சிமெண்ட் பூசலாம் என்றார் சாமியார். உப்பு உள்ளேயே அடைபட்டுச் செங்கல்லை அரித்துவிடும் என்று செவேரா ஒப்பவில்லை. குழிவெட்டிச் சுண்ணாம்பை ஏழு மாதம் ஊறவைத்தார்கள். பாகு அவள் வீட்டிலிருந்து வந்தது. அடுத்த திருவிழாவுக்குள் மேற்குச் சுவர் மற்ற மூன்றையும் போல வெளுத்துவிட்டது. எது புதுசு என்று எறும்புகளுக்கு மட்டும் தெரிந்தது.

சாமியார் பெயின்டரைக் கூட்டிவந்தார். "மனாங், இதுவும் நீங்க செஞ்சதுதானே. உங்க பேரெழுதி ஒரு சின்னப் பலகையாவது மாட்டட்டும்."

"மாட்ட ஆணி அடிக்கணுமே ஃபாதர்?"

"ரெண்டே ஆணி."

"ரெண்டு ஓட்டை. உப்புக்கு அது போதும்" என்று சொல்லிவிட்டு, ஜாடிகளைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிவைத்தாள்.