ஜவ்பர் கேட்ட சத்தம்

எனக்குக் காது சரியில்லை. கேட்கிறது என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யால் ஒருவனின் இடது கண் போனது.

விஷயம் இவ்வளவுதான்.

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். ஆறாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்... எழுத்துப் பிழையைச் சொல்கிறேன். மற்றதைப் பொறுக்கச் சொல்ல எனக்கு வாயில்லை.

கல்முனையில் மோட்டர் திருத்துகிறேன். நெல் மில், ஐஸ் போடும் இடம், மரம் அரியும் இடம், எங்கே பெரிய மோட்டர் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். உள்ளே கம்பி சுற்றிய கொயில் எரிந்திருந்தால் மீட்டர் காட்டிவிடும். சுழலும் அச்சைத் தாங்குகிற பெயாரிங் தேய்ந்தால் என்னிடம் இருக்கிற மீட்டர் எதுவும் காட்டாது. ஓடுகிற மோட்டரில் ஸ்குரூட்ரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்க வேண்டும். நல்ல பெயாரிங் ஒரே சீராக இரையும். தேய்ந்தது, அந்த இரைச்சலுக்கு அடியில் மெல்லிசாகக் கீச்சிடும்.

அந்தக் கீச்சைக் கேட்பவன் என்றுதான் எனக்குப் பெயர். "பாஸ் காது வெச்சாப் பிழை வராது" என்பார்கள்.

அந்த மெல்லிய சத்தங்கள்தான் முதலில் போயின. மில்லுகளுக்குள்ளேயே ஆயுளைக் கழித்தால் வேறென்ன ஆகும்? முகத்தைப் பார்த்துக் கதைத்தால் கதை விளங்கும். போன் அடித்தால் கேட்காது. முதுகுக்குப் பின்னால் மனைவி கூப்பிட்டால் கேட்காது.

"கடைக்குப் போகச் சொல்லுவன் எண்டுதானே கேக்காத மாதிரி நடிக்கிறீங்க!" என்பாள். நானும் சிரிப்பேன். நான் நடிப்பது அவளிடமல்ல, மில்லுகளில் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஸ்குரூட்ரைவரைக் காதில் வைப்பேன். கண்ணை மூடுவேன். ஒன்றும் கேட்காது. மோட்டரில் கையை வைத்துச் சூட்டைப் பார்த்து, அதிர்வைப் பார்த்து, ஏதோ ஒன்றைச் சொல்வேன். பெரும்பாலும் சரியாக இருந்தது. அதுதான் என்னைக் கெடுத்தது!

ஜவ்பர், காரைதீவுக்கு மேற்கே ஒரு மில்லில் மெசின் ஓட்டுபவன். என்னைவிட இளையவன், அண்ணன் முறைக்கு என்னைக் காக்கா என்பான், குழந்தை குட்டிக்காரன். அறுப்புக் காலம். முற்றமெல்லாம் நெல் மூடை, வெளியே லொறிகள் வரிசையாக நின்றன. மில்லுக்காரரை விடாமல் நச்சரித்து என்னைக் கூப்பிட்டது அவன்தான்.

"காக்கா, உள்ளுக்கு ஒரு சத்தம் வருகுது. பூனக்குட்டி கத்துற மாதிரி. மெல்லிசா."

நான் வைத்துக் கேட்டேன். கேட்டேனா? வைத்தேன்.

"ஒண்டுமில்ல. ஓடட்டும்."

"இல்ல காக்கா, இப்பவும் கத்துது. வடிவாக் கேளுங்க."

மூடை தூக்குகிறவர்கள் சுற்றி நின்றார்கள். மில்லுக்காரர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். திறந்து பார்ப்போம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அரை நாள் வேலை. ஆனால் அவன் பேச்சுக்காகத் திறந்தால் அவன் காது என் காதைவிடப் பெரிசு என்றாகிவிடாதா...

"உன்ட காதுலதான் பெயாரிங் தேஞ்சிரிக்கி, மனே" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் சிரித்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

நான் போன பிறகும் அவனுக்கு மனம் ஆறவில்லை. பின்னேரம் மோட்டருக்குப் பக்கத்தில் குனிந்து கேட்டிருக்கிறான். அந்த நேரம் பார்த்துப் பெயாரிங் இறுகி மோட்டர் சட்டென்று நின்றது. பெல்ட் அறுந்து அவன் முகத்தில் அடித்தது.

மோட்டரைத் திறந்தவன் நான்தான். பெயாரிங் குண்டுகள் நீலமாக வெந்து கிடந்தன. ஒரு நாளில் வருகிற தேய்மானமல்ல அது. மில்லுக்காரர் கேட்டார். "சிலது இப்படித்தான் ஹாஜியார், திடீரெண்டு போகும்" என்றேன். இது இரண்டாவது பொய்.

ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஜவ்பரின் பாதி முகத்தில் கட்டு. மற்றக் கண்ணால் என்னைப் பார்த்துவிட்டு எழும்பப் பார்த்தான்.

"காக்கா, எனக்கு மாப்புச் செய்ங்க. நீங்க பாத்துச் சொன்னதுக்குப் பிறகும் நம்பாமக் குனிஞ்சன். அதுக்குத்தான் இது."

என்னிடம் மன்னிப்புக் கேட்டான்!

சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள். நான் அவன் கையைப் பிடித்து, "பரவால்ல மனே" என்றேன். மன்னித்துவிட்டேன் அவனை! இவ்வளவு கேவலம் எனக்கே தெரியாமல் எனக்குள் எங்கே இருந்தது?

அதே மில்லில் இப்போது வாசலில் உட்கார்ந்து வருகிற மூடைகளைப் பார்க்கிறான். என்னைக் கண்டால் எழும்பி ஸலாம் சொல்கிறான்.

அடியானுக்குச் செய்த அநியாயத்தை அந்த அடியான் மன்னிக்காமல் அல்லாஹ் மன்னிப்பதில்லை என்று பள்ளிவாசலில் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஜவ்பர் மன்னிப்பதென்றால் அவனுக்குத் தெரிய வேண்டும். தெரிய வேண்டுமென்றால் நான் வாய் திறக்க வேண்டும்.

போன வருடம் பிள்ளைகள் என்னை மக்காவுக்கு உம்றா யாத்திரை அனுப்பினார்கள். போவதற்கு முன் வீடு வீடாகப் போய் மாப்புக் கேட்பது எங்கள் வழக்கம். அவன் வீட்டைக் கடைசிக்கு வைத்தேன். இன்றைக்குச் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். சத்தியமாக!

"தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் பிழை செஞ்சிருந்தா..." என்று எல்லா வீட்டிலும் சொன்னதையே வாய் சொன்னது.

அவன் என்னைக் கட்டிப்பிடித்தான். "உங்களிட்ட என்ன பிழை காக்கா இரிக்கி? எல்லாம் மாப்பு. அங்க போய் என்ட மத்தக் கண்ணுக்குத் துஆக் கேளுங்க. அது போதும்."

அங்கே போய்த் துஆவில் அல்லாஹ்விடம் கேட்டேன். அவன் கண்ணுக்கு மட்டும் கேட்டேன். எனக்கென்று கேட்க நா எழவில்லை.

திரும்பி வந்து, மக்காவின் புனித ஸம்ஸம் கிணற்றுத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு கோப்பையில் ஊற்றினான். பிஸ்மி சொல்லி, விரலை நனைத்து, இல்லாத கண்ணின் மேல் தடவினான். பிறகு இருக்கிற கண்ணில். மிச்சத்தில் பாதியைக் குடித்துவிட்டுக் கோப்பையை என்னிடம் நீட்டினான்.

"நீங்களும் குடிங்க காக்கா."

வாங்கிக் குடித்தேன்.